குழாய் நிற்கும் காலம்: பீடோங் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பொங்கல் முடிந்து தைப்பூசக் காவடிக்கு ஆயத்தமாகும் நாட்களில்தான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் பக்கம் குழாய் இளைக்கத் தொடங்கும். முதலில் காலையில் நூல் மாதிரி வரும். பிறகு இரவில் மட்டும் வரும். பிறகு தண்ணீர் லோரியை எதிர்பார்த்து வாளிகளை வரிசையில் வைக்கும் நாள் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தேன். காயத்துக்கு மருந்து போடுவது என் வேலையில் பாதிதான். லயத்துத் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) தண்ணீர்த் தொட்டியில் குளோரின் இருக்கிறதா, சாக்கடை ஓடுகிறதா, கொசுப்புழு இருக்கிறதா என்று வாரம் தவறாமல் பார்ப்பது மறு பாதி. ஓய்வு பெற்ற பிறகும் தண்ணீர் நின்றால் பிள்ளைகள் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் எப்படித் தண்ணீர் இல்லாமல் போகும்?

மலேசியாவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் அது எல்லா மாதமும் எல்லா இடத்திலும் சமமாகப் பெய்வதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளத்தைக் கொண்டுவரும். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெர்லிசும் கெடாவும் அதே மாதங்களில் காய்ந்து கிடக்கும். பால்வெட்டில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ரப்பர் மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும் காலம்தான் நம் வறட்சிக் காலம். பால் குறையும்போது கிணறும் குறையும்.

இதோடு எல் நினோ சேர்ந்தால் நிலைமை மோசமாகும். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகி, நமக்கு வரவேண்டிய மழைமேகம் கிழக்கே தள்ளிப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி வெப்பம் பதிவானது அப்படியோர் ஆண்டில்தான். அதே ஆண்டு கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் சுற்றியிருந்த அணைகள் இறங்கிப்போய், பல லட்சம் பேர் மாதக்கணக்கில் பங்கீட்டுத் தண்ணீரில் வாழ்ந்தார்கள். அதற்கு முன் 1991இல் மலாக்காவின் டுரியான் துங்கால் அணை வற்றியது. 2014இல் சிலாங்கூரில் மறுபடியும் பங்கீடு வந்தது. ஆகவே இது கெடாவுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. நமக்கு அது ஆண்டுதோறும் வருவதால் அதிகம் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர். கிளந்தான் மட்டும் நிலத்தடி நீரைப் பெரிய அளவில் நம்பியிருக்கிறது. இரண்டு மாதம் மழை தவறினாலே ஆறு இறங்கிவிடும், ஆறு இறங்கினால் குழாயும் இறங்கிவிடும்.

நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தென் கெடாவின் பெரும்பகுதிக்கு மூடா ஆறுதான் தாய். ஜெராய் மலையோரத்தில் ஓடைகளிலிருந்து எடுக்கும் சிறு நிலையங்களும் உண்டு. மூடா ஆறு உலு மூடா காட்டில் பிறக்கிறது. அந்தக் காட்டுக்குள்தான் மூடா, பெடு, ஆனிங் ஆகிய மூன்று அணைகளும் இருக்கின்றன. மூடா அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குப் போய், அங்கிருந்து வடக்கே நெல் வயல்களுக்கு இறங்குகிறது. 1970 முதல் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைய வைத்தது இந்தத் தண்ணீர்தான். ஏறக்குறைய 1 லட்சம் ஹெக்டேர் வயல் அதை நம்பி நிற்கிறது. தெற்கே வரும் ஆற்றுக்குக் கைகொடுக்கச் சிக் பக்கத்தில் பெரிஸ் அணையைக் கட்டி 2004இல் முடித்தார்கள்.

அதே மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்துதான் பினாங்கும் தன் தேவையில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கிறது. வயல், நம் குழாய், பக்கத்து மாநிலம் என்று ஓர் ஆற்றுக்கு மூன்று பங்காளிகள். பினாங்கு இதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று இரண்டு மாநில அரசாங்கங்களும் பல ஆண்டாக வாதாடுகின்றன. எனக்கு அந்த வாதத்தைவிட உலு மூடா காட்டில் விழும் மரங்கள்தான் பெரிய கவலை. காடு மழையைக் குடித்து வைத்து, மழையில்லாத மாதங்களில் சிறுகச் சிறுக ஆற்றில் விடுகிறது. காடு போனால் மழை ஒரே நாளில் சேற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அணையின் அடியிலும் மண் படியும்.

நேற்றுதான் கொட்டோ கொட்டென்று மழை. இன்று குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏன்?

ஆறு கலங்கியிருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் ஆற்று நீரில் படிகாரம் போன்ற மருந்தைக் கலப்பார்கள். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படியும். மேலே தெளிந்த நீர் மணல் படுக்கை வழியாக வடிந்து, குளோரின் ஏறி, குழாய்க்கு வரும். ஆறு பால் டீ நிறத்தில் ஓடினால் அந்த அளவு சேற்றைப் படிய வைக்க நிலையத்தால் முடியாது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து பாறையும் மரமும் சேறுமாக வெள்ளம் இறங்கியதையும், 2022 ஜூலையில் பாலிங் கூப்பாங் பக்கம் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட நிறுத்தம் வழக்கமாக ஓரிரு நாளில் சரியாகிவிடும். வறட்சி நிறுத்தம்தான் வாரக்கணக்கில் இழுக்கும்.

அணையில் தண்ணீர் இருப்பதாகச் செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் லயத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை?

அணைக்கும் உங்கள் வாளிக்கும் நடுவில் மைல் கணக்கில் குழாய் இருக்கிறது. மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பில்லில் ஏறாமலே போய்விடுகிறது. கெடாவில் அது ஏறக்குறைய பாதி. சிலது திருட்டு இணைப்பு, சிலது ஓடாத பழைய மீட்டர். பெரும்பங்கு வெடித்த குழாயிலும் கசியும் மூட்டிலும் மண்ணுக்குள் போவது. எங்கள் வட்டாரத்தில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் புதைத்த கல்நார்க் குழாய்கள் இன்னும் கிடக்கின்றன. லோரி ஏறினால் விரிசல், மண் அசைந்தால் விரிசல்.

பணம் கொடுத்துச் சுத்தம் செய்த தண்ணீரில் ஏறக்குறைய பாதி வீணாகிறது, அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் போகிறது. அதை ஆண்டாண்டாகப் பார்த்துக்கொண்டே புதிய அணையைப் பற்றி மட்டும் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் குழாயை மாற்ற வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணம் ஒரு கனமீட்டருக்குச் சராசரியாக 22 சென் கூடியது. ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். அந்தக் காசு குழாய் மாற்றப் போகும் என்றால் நான் மனமாரக் கொடுப்பேன். போகிறதா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

லயங்களுக்கு வேறொரு சிக்கல். தோட்டங்கள் பெரும்பாலும் மெயின் குழாயின் கடைசி முனையிலும், அதிலும் மேட்டிலும் இருக்கும். அழுத்தம் குறைந்தால் முதலில் நிற்பது முனை வீடு, கடைசியில் வருவதும் முனை வீடு. பட்டணத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு இரவு இரண்டு மணிக்குக் குழாய் சீறுவது இதனால்தான்.

பக்கத்து வீட்டில் மோட்டார் வைத்து மெயின் பைப்பிலிருந்தே இழுக்கிறார்கள். நாங்களும் வைக்கலாமா?

வேண்டாம். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் வெறுமை உண்டாகி, விரிசல் இருக்கும் இடமெல்லாம் வெளியே நிற்கும் சாக்கடை நீர் உள்ளே போகும். அதைக் குடிப்பது நீங்கள் மட்டும் இல்லை, அந்த வரிசையில் இருக்கும் கைக்குழந்தையும்தான். மோட்டார் தேவை என்றால் தரையில் ஒரு தொட்டி வையுங்கள். மெயின் தண்ணீர் தானாக அதில் விழட்டும். அதிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுங்கள்.

எங்களுக்குத் தனி மீட்டர் இல்லை. தோட்டத்து மீட்டரிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் நின்றால் யார் பொறுப்பு?

நீங்களோ வீட்டில் ஒருவரோ அந்தத் தோட்டத்தில் வேலை செய்து, நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருந்தால் பொறுப்பு முதலாளியுடையது. 1990ஆம் ஆண்டின் சட்டம் 446, தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிகளைப் பற்றியது. தொழிலாளர் வீடுகளுக்குப் பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. "போதிய" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை லயத்துக்கு ஒரு குழாய் என்பது போதியது ஆகாது.

இதைப் பார்க்கும் இலாகா தொழிலாளர் இலாகா, தண்ணீர் நிறுவனம் இல்லை. இதில்தான் நம் மக்கள் அலைகிறார்கள். தண்ணீர் நிறுவனத்தின் கவுண்டரில் போய் நின்றால், "உங்கள் பெயரில் கணக்கு இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்களுக்குத் தோட்டத்தின் பெயரில் ஒரே ஒரு கணக்குதான் தெரியும். பெரிய மீட்டர் வரை அவர்கள் பாடு. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழாய், தொட்டி, பம்பு எல்லாம் தோட்டத்தின் பாடு. ஆகவே முதலில் அந்தப் பெரிய மீட்டரிடம் போய்ப் பாருங்கள். அங்கே தண்ணீர் வந்தும் லயத்துக்கு வராவிட்டால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் கிளைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் உடைந்த குழாயை மாற்றச் சொல்லி நாலு மாதம் எழுதினேன். வாரம் ஒரு கடிதம். வாயால் சொன்னவை எல்லாம் காற்றோடு போயின. கடிதங்களின் நகலை வைத்திருந்ததால்தான் வெளியிலிருந்து அதிகாரி வந்த அன்று நிர்வாகத்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியவில்லை. பத்தே நாளில் குழாய் வந்தது. அதற்குள் இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

இப்போது லயங்களில் இருப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். சட்டம் அவர்களுக்கும் அதேதான். நம் தாத்தா பாட்டி மொழி தெரியாமல் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். மனு எழுதும்போது அவர்கள் பெயரையும் சேருங்கள்.

தோட்டம் கைமாறிவிட்டது. நாங்கள் பழைய லயத்திலேயே இருக்கிறோம். தண்ணீரை வெட்டிவிடுவார்களா?

எனக்கு வரும் போன்களில் மிகவும் வருத்தமானது இது. தோட்டத்தின் பெயரில் இருக்கும் கணக்கு மூடப்பட்டால் அத்தனை குடும்பத்துக்கும் ஒரே நாளில் நின்றுபோகும். தனி மீட்டர் கேட்டால் வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமைத் தாள் கேட்பார்கள். அது நம்மிடம் இருக்காது. அதனால் வெட்டும் வரை காத்திருக்காதீர்கள். கைமாறும் செய்தி காதில் விழுந்த உடனே எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளை, எத்தனை முதியவர், எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பழைய சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் விலாசம் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். மாவட்ட அலுவலகத்துக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே மனுவாகப் போகட்டும். வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியிருந்தால் தயங்காமல் பாருங்கள். வீட்டுப் பிரச்சினை தீர எத்தனை ஆண்டு ஆனாலும் ஆகட்டும், அதுவரை பொதுக் குழாய் ஒன்றாவது வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால் இரண்டும் இழுபடும்.

வீட்டில் எவ்வளவு தண்ணீர் சேமித்து வைக்க வேண்டும்?

மலேசியாவில் ஓர் ஆள் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். பற்றாக்குறை நாளில் 50 லிட்டரில் சமாளிக்கலாம். ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 750 லிட்டர். கூரையில் 100 கேலன் தொட்டி இருந்தால் அது சுமார் 450 லிட்டர். மீதிக்கு 200 லிட்டர் நீல டிரம் இரண்டு போதும். எண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணீருக்கு வைக்காதீர்கள். தோட்டத்தில் இப்படி நடந்து, வாந்தி எடுத்தவர்களுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன்.

குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரை முதலிலேயே பிரித்து வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். அதில் யாரும் கை நனைக்கக் கூடாது. அரிசி களைந்த நீர் செடிக்கு, துணி அலசிய நீர் கழிவறைக்கு என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்களுக்குத்தான் சொல்ல வேண்டும்: வறட்சி நாளில் காரைப் பைப்பு வைத்துக் கழுவாதீர்கள்.

சேமித்த தண்ணீரில் புழு நெளிகிறது. என்ன செய்வது?

அது ஏடிஸ் கொசுவின் புழுவாக இருக்கலாம். அப்படியானால் அடுத்து வருவது டெங்கி. ஏடிஸ் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த, அசையாத தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். மூடி இல்லையென்றால் பழைய கைலித் துணியை விரித்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள்.

கொட்ட மனம் வரவில்லையென்றால் அபேட் மருந்து உண்டு. மணல் மாதிரி இருக்கும். 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். இந்த அளவில் போட்டால் அந்த நீரைப் புழங்குவதால் ஆபத்தில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும், சுகாதார இலாகாவிலும் கேட்கலாம். "மருந்து போட்ட தண்ணீர் வேண்டாம்" என்று மாமியார் சொன்னால் அவர் குடிக்க மட்டும் ஒரு பானையில் காய்ச்சி மூடி வைத்துவிட்டு, மற்றதில் போடுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் முடிந்த பின் காய்ச்சல் வரிசை தொடங்குவதை நான் பல முறை பார்த்தவன். வறட்சியில் கொசு ஏது என்று நினைக்காதீர்கள். வாசலுக்கு வாசல் டிரம் வைத்துக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

லோரியில் வரும் தண்ணீரைக் குடிக்கலாமா?

காய்ச்சிக் குடியுங்கள். நிலையத்தில் ஏற்றும்போது சுத்தமாகத்தான் இருக்கும். லோரித் தொட்டி, ஹோஸ், வாளி, அதில் விழும் கை என்று நான்கு இடத்தில் அழுக்கு சேரும். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் கிருமி சாகும். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் கேஸ்தான் வீண். அடுப்புக்கு வழியில்லாவிட்டால், வாசனையோ சோப்போ சேராத வெளுப்புத் திரவம் (பிளீச்), 5 அல்லது 6 விழுக்காடு என்று போத்தலில் போட்டிருப்பது, தெளிந்த நீரில் லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் மூடி வையுங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும்.

லோரி எப்போது வரும் என்று தெரியாததால் வேலைக்குப் போகிற வீடுகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகிறது. லயத்துக்கு ஒருவர் பொறுப்பெடுத்து எல்லார் வாளியையும் நிரப்பும் பழக்கம் முன்பு நம்மிடம் இருந்தது. அதை விட்டுவிட வேண்டாம்.

பழைய கிணற்றைத் தூர் வாரிப் புழங்கலாமா?

புழங்கலாம், குடிக்க வேண்டாம். லயத்துக் கோடியில் சுற்றுச்சுவர் பாசி பிடித்த கிணறு பல தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அம்மா அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி கறுத்துப்போகும். ஏதோ தோஷம் என்பார்கள். நீரில் இருந்த இரும்பு தேயிலைச் சாற்றோடு சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். வெள்ளைத் துணி மஞ்சளாவதும் அதனால்தான். இரும்பால் பெரிய கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. கழிவறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் அந்தத் தூரமும் போதாது.

தூர் வார இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. பல நாள் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் காற்று கெட்டிருக்கும். இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை உயிரை எடுத்துவிடும்.

ஓடைத் தண்ணீர், ஆலைக் குளத்துத் தண்ணீர்?

ஆலைக் குளத்தின் பக்கமே போகாதீர்கள். செம்பனை ஆலையில் ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்கு மேல் கழிவு நீர் வரும். குளம் குளமாக விட்டு அதைப் புளிக்க வைப்பார்கள். கடைசிக் குளம் தெளிவாகத் தெரிந்தாலும் அது தண்ணீர் இல்லை. ஓடையிலும் மேலே களைக்கொல்லி அடித்த நிலத்திலிருந்து வடிவது இருக்கும். பேராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள், மற்ற மருந்துகள் அடிக்கப்படத்தான் செய்கின்றன. இதோடு எலிக் காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த நீர் காலில் இருக்கும் சிறு புண் வழியாகவே உள்ளே போகும். ஓடையில் குளித்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் உடனே கிளினிக்குக்குப் போய், ஓடையில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.

மழைத் தண்ணீர் பிடித்தால் எவ்வளவு கிடைக்கும்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் வீட்டுப் பங்குக் கூரை 40 சதுர மீட்டர், மாலையில் ஒரு நல்ல மழை 25 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1,000 லிட்டர். சிதறியது, வழிந்தது போக 800 நிச்சயம். முதல் பத்து நிமிட நீரை விட்டுவிடுங்கள், அதில்தான் பறவை எச்சமும் தூசியும் இருக்கும். பழைய லயத்துக் கூரை பல இடத்தில் கல்நார் ஓடு. அந்த நீரைக் கழுவவும் கழிவறைக்கும் மட்டும் வையுங்கள். ஓட்டை நீங்களே தேய்த்துக் கழுவவோ உடைக்கவோ போகாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

வறட்சியில் மழை ஏது என்று கேட்பீர்கள். மார்ச் கடைசியில், ஏப்ரலில் முதல் மழை வரும்போது குழாய் இன்னும் சரியாகியிருக்காது. அந்த இரண்டு மூன்று வாரத்தைக் கடக்க இது உதவும்.

விமானத்தில் உப்பு தூவி மழை வரவழைக்கிறார்களே?

மேகம் இருந்தால்தான் அது நடக்கும். நீலமாய்க் காய்ந்து கிடக்கும் வானத்தில் தூவிப் பயனில்லை. மழை வந்தாலும் அணைக்கு மேலே விழ வேண்டும்.

வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார். என்ன கவனிக்க வேண்டும்?

நம் சமூகத்தில் இனிப்பு நீரும் (நீரிழிவு) சிறுநீரகக் கோளாறும் இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அதனால் இதை எல்லோரும் படிக்க வேண்டும். நான்கு மணி நேர டயாலிசிசில் ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்த நீர் ஓடுகிறது. அதைச் சுத்தம் செய்யும்போது கழிவது தனி. வாரம் மூன்று முறை. ஆகவே நிறுத்தம் பற்றிய அறிவிப்பு வந்த அன்றே மையத்துக்குப் போன் செய்து, தொட்டி போதுமா, நேரம் மாறுமா, வேறு மையத்துக்குப் போக வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு முறை தவறினால் பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முறை தள்ளிப்போகும் நாட்களில் உப்பையும் தண்ணீரையும் வாழைப்பழம், இளநீர் போன்றவற்றையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் கண்டிப்பாக வையுங்கள். வெயில் காலத்தில் இளநீர் நல்லது என்று அன்பாகக் கொடுத்துவிடுவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், இவர்களுக்கு அது இதயத்தை நிறுத்தும்.

வயிற்றுக் குழாய் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கை கழுவும் தண்ணீர்தான் உயிர். அவர்களுக்கென்று ஒரு மூடிய குடம் தனியாக இருக்கட்டும்.

தமிழ்ப்பள்ளியில் தண்ணீர் இல்லை. பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள், பெரிய போத்தலில் தண்ணீரோடு. கழிவறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள் எனக்குத் தெரியும். பிறகு எரிச்சல், காய்ச்சல் என்று வருவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதலில் வாங்க வேண்டியது கழிவறைக்கென்று ஒரு தனித் தொட்டி.

கோயில் திருவிழா வறட்சியில்தானே வருகிறது?

தைப்பூசம், பங்குனி உத்திரம், பல தோட்டத்து மாரியம்மன் தீமிதி எல்லாம் இந்த மாதங்களில்தான். அன்னதானத்துக்கு இலை போட்டால் தட்டு கழுவும் தண்ணீர் மிச்சம். பாத்திரத்துக்கு மூன்று தொட்டி வையுங்கள்: ஒன்று தேய்க்க, ஒன்று அலச, ஒன்று கடைசி முறை முக்கி எடுக்க. தண்ணீர்ப் பந்தலில் கட்டி ஐஸை உடைத்துச் சர்பத்தில் போடாதீர்கள். மீனைக் குளிரவைக்கும் ஐஸும் அதே லோரியில் வரலாம்.

தண்ணீர் திரும்பி வந்ததும் மஞ்சளாக இருக்கிறது. சில நேரம் பால் போல இருக்கிறது.

பால் போல இருப்பது காற்று. கிளாசில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து தெளியும், பயமில்லை. மஞ்சள் என்பது குழாயில் கிளறிய துரு. தெளியும் வரை கழிவறைக்குப் பிடியுங்கள், வீணாக ஓட விடாதீர்கள். முதல் நாள் முழுக்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். குழாய் காலியாக இருந்தபோது விரிசல் வழியாக என்ன போனது என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீரே வரவில்லை, பில் மட்டும் ஏறுகிறதே?

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் உங்கள் பக்கம் கசிவு. முதல் சந்தேகம் கழிவறைத் தொட்டி. அதில் கொஞ்சம் கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டு இருபது நிமிடம் யாரும் இழுக்காமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது, சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) மாற்றிவிடலாம். மீட்டருக்கு வெளியே கசிந்தால் அது நிறுவனத்தின் வேலை.

எங்கே புகார் செய்வது? செய்தால் நடக்குமா?

கெடாவில் முதலில் மாநிலத் தண்ணீர் நிறுவனமான சாடா. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எண் இல்லாத புகார் புகாரே இல்லை. பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணோடு ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்துக்கு எழுதுங்கள். 2006இல் வந்த சட்டத்தின்படி நீர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் இடம் அது. தோட்டத்து மீட்டர் என்றால் மேலே சொன்னபடி தொழிலாளர் இலாகா.

ஒவ்வொரு லயத்திலும் ஒரு பள்ளி நோட்டு இருக்கட்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது, லோரி வந்ததா, எத்தனை வீட்டுக்குக் கிடைத்தது, யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்குக் காய்ச்சல். பள்ளிப் பிள்ளை எழுதினாலும் போதும். மூன்று மாத நோட்டை மேசை மேல் வைத்தால், "எப்போதாவது நிற்கும்" என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.